குழந்தைகள் விளையாடும் இடத்தில் பூச்சித் தொல்லையா? மருந்து அடிப்பதற்கு முன் படியுங்கள்

எங்கள் குடியிருப்பில் குழந்தைகள் விளையாடும் திடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அங்கே எறும்பு, குளவி, கொசு மூன்றும் இருந்தன. மூன்றையும் போக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் "மொத்தமாக மருந்து அடித்துவிடலாம்" என்பார்கள். என்ன மருந்து, எந்த இடத்தில், குழந்தைகள் எப்போது திரும்ப வரலாம் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டு செய்ததில் பெரும்பாலான இடங்களில் மருந்தே தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடத்திலும் திடல் முழுக்க அடிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஊஞ்சல் மட்டும் இருந்தாலும் சரி, பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும் சரி, கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். மருந்து கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் தரையோடு தரையாக விளையாடுகிறார்கள், மண் ஒட்டிய கையை வாயில் வைக்கிறார்கள், உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு அவர்களுக்கு அதிகமாகிவிடலாம்.

1. முதலில் என்ன பூச்சி, எங்கே என்று பாருங்கள்

ஒரு தாளில் திடலின் படத்தைக் கையால் வரையுங்கள். சறுக்கு, ஊஞ்சல், சீசா, மணல் தொட்டி, பெஞ்சு, குப்பைத் தொட்டி, மரங்கள், குழாய் எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் காலை, நண்பகல், அந்தி என்று மூன்று நேரத்திலும் ஒரு சுற்று வாருங்கள். ஒரே நேரத்தில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஈடிஸ் வகைக் கொசு பகலில் கடிக்கும், கியூலெக்ஸ் வகை இருட்டிய பிறகு வரும். குளவிகள் வெயில் நேரத்தில் போய் வருவதைக் கவனித்தால் கூடு எங்கே என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. சறுக்கின் அடிப்பக்கம், பெஞ்சுக்குக் கீழே, ஏணிப்படியின் பின்புறம், உள்ளே வெற்றிடமான ஊஞ்சல் கம்பியின் திறந்த முனை. அங்கெல்லாம் கையை விடாதீர்கள். கைபேசியின் கேமராவை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். அந்தப் படங்களை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆளை அழைத்தால் காட்ட உதவும்.

எல்லாப் பூச்சியையும் விரட்ட வேண்டியதில்லை. தும்பி கொசுவைத் தின்னும், பொறிவண்டு செடிப்பேனைத் தின்னும். வேலியோரம் தன் பாட்டுக்கு ஊரும் கடிக்காத கறுப்பு எறும்பை விட்டுவிடலாம். கொட்டுகிற, கடிக்கிற, நோய் பரப்புகிற, அரிப்பு உண்டாக்குகிற, மரத்தை அரிக்கிற பூச்சி குழந்தைகள் தொடும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சறுக்கில் குளவிக் கூடு, ஊஞ்சலுக்கு அடியில் கொட்டும் எறும்பின் புற்று, தேனீக்கள் அடை கட்டியிருப்பது, இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பகுதியை உடனே கயிறு கட்டி மூடிவிடுங்கள். மற்றவை சில நாள் காத்திருக்கலாம்.

2. தண்ணீர், தீனி, மறைவிடம் மூன்றையும் எடுத்துவிடுங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் பலரும் தாண்டிப்போகிற படி இதுதான்.

கொசுவிலிருந்து தொடங்குவோம். வெதுவெதுப்பான காலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினாலே அந்தச் சுழற்சி அறுந்துவிடும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அந்த வேலைக்கு ஒருவரின் பெயரையும் எழுதிவையுங்கள். பெயர் இல்லாத வேலை நடக்காது. ஈடிஸ் கொசுவுக்கு ஒரு பாட்டில் மூடியில் தேங்கும் நீரே போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும்.

டயர் ஊஞ்சல் இருக்கிறதா? அதன் அடிப்பக்கத்தில் துளைகள் போடுங்கள், தண்ணீர் தானாக வடிந்துவிடும். மணல் வாளி, பொம்மை லாரி, மூடிவைத்த தார்ப்பாயின் மடிப்பு, பூந்தொட்டியின் அடித்தட்டு, உடைந்த ஓடு என்று ஒன்றையும் விடாதீர்கள். மரப்பொந்தில் நீர் நின்றால் மணலால் நிரப்புங்கள். காலி செய்யவே முடியாத வடிகால் குழி போன்ற இடத்துக்கு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர். கொசுப் புழுவின் குடலைத் தாக்குகிறது; மனிதர்களுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் தேனீக்களுக்கும் தீங்கு செய்வதில்லை. வில்லையாக வரும் இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது வில்லைக்கு வில்லை மாறும், லேபிளைப் பாருங்கள்.

புகை அடிப்பதை நம்பியிருக்காதீர்கள். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் அது கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுக்கள் சில நாட்களில் கொசுவாகிவிடும்.

அடுத்தது தீனி. சிந்திய பழச்சாறும் பிஸ்கட் துணுக்கும் எறும்பையும் குளவியையும் இழுக்கும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும், ஊஞ்சல் பக்கத்திலிருந்து அதைத் தள்ளி வையுங்கள். தின்பதற்கு ஓர் இடம், விளையாட வேறோர் இடம் என்று பிரித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். பூக்கும் செடிகளைப் பிடுங்கச் சொல்லமாட்டேன். சறுக்கு இறங்கும் இடத்தை ஒட்டி இருந்தால் மட்டும் வேறு பக்கம் மாற்றி நடுங்கள்.

மறைவிடத்தைப் பொறுத்தவரை, திறந்திருக்கும் கம்பி முனைகள்தான் குளவிகளுக்குப் பிடித்த இடம். அவற்றுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். உள்ளே கூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மூட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். விறகு, செங்கல், பழைய பலகை அடுக்கி வைத்திருந்தால் அப்புறப்படுத்துங்கள். தேளும் பூரானும் பூச்சி இனம் இல்லை என்றாலும் தங்குவது அங்கேதான். புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். புதரோ காடோ திடலை ஒட்டி இருந்தால் எல்லையில் சுமார் 1 மீட்டர் அகலத்துக்கு ஜல்லியோ மரச்சீவலோ பரப்பலாம். உண்ணிகள் வறண்ட அந்தப் பட்டையைக் கடந்து வருவது குறையும்.

3. மணல் தொட்டிக்குத் தனி விதி

மணலில் எந்த மருந்தும் கலக்கக் கூடாது. தூளாக இருந்தாலும் தெளிப்பாக இருந்தாலும் இதே விதிதான். வெயில் படாத ஆழத்தில் மருந்தின் எச்சம் நீண்ட நாள் தங்கும், குழந்தைகள் தோண்டுவதோ அந்த ஆழத்தைத்தான். யாராவது ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் அலசிப் பார்க்க வேண்டாம், மணலை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் இதில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

எறும்பு வந்தால் வாரத்தில் இரண்டு மூன்று முறை அடிவரை கிளறிவிடுங்கள். கலைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் எறும்பு நிலையாகக் குடியிருக்காது. இரவில் காற்றுப் புகும் வலையால் மூடுங்கள். பூனை, நாய் வராமல் இருப்பதால் தெள்ளுப்பூச்சியும் குறையும். காற்றே புகாத தார்ப்பாயால் மூடினால் மணல் ஈரமாகவே இருந்து வேறு பூச்சிகளை அழைத்துவரும்.

4. பூச்சிக்குத் தகுந்த வழி

கொட்டும் எறும்பு: புற்றைக் காலால் கலைக்காதீர்கள், உள்ளிருக்கும் எறும்பு முழுவதும் வெளியே வந்துவிடும். இதற்குச் சரியான வழி இரை மருந்து. வேலைக்கார எறும்புகள் அதை உணவென்று எடுத்துப்போய் ராணி எறும்புக்கு ஊட்டும். மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அவசரப்பட்டு அதே சமயத்தில் தெளிப்பு மருந்தும் அடித்தால் இரையைத் தூக்கிப்போக எறும்பே இருக்காது, போட்டதெல்லாம் வீண்.

நேரமும் முக்கியம். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு தின்பண்டத் துணுக்கைப் புற்றுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் எறும்பு மொய்த்தால் அவை இரை தேடும் நேரம் அது. தரை காய்ந்திருக்க வேண்டும், அடுத்த ஒரு நாளைக்கு மழை வரக் கூடாது. பழைய இரையும், பெட்ரோலுக்கோ வேறு மருந்துக்கோ பக்கத்தில் வைத்து வாடை ஏறிய இரையும் எறும்புக்குப் பிடிக்காது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் திறந்த இரை வேண்டாம். சிறு கைகளால் திறக்க முடியாத, பூட்டும் இரைப்பெட்டி கிடைக்கிறது. அதை வாங்குங்கள், தரையோடு பொருத்திவிடுங்கள்.

கொதிநீர் ஊற்றுவதும் ஒரு வழி. ஒரு புற்றுக்குச் சுமார் 10 லிட்டராவது வேண்டும், ஒரே முறையில் எல்லாப் புற்றும் சாகாது, சுற்றியுள்ள புல்லும் கருகும். அந்த நேரத்தில் ஒரு குழந்தையும் அருகில் இருக்கக் கூடாது.

குளவி: கூடு சிறியதாக, கைக்கெட்டும் உயரத்தில், ஒன்றிரண்டு குளவியோடு இருக்கும்போதே பார்த்துவிட்டால் வேலை சுலபம். இருட்டிய பிறகு, உடல் முழுவதும் மூடிய உடையோடு, சோப்பு நீரைக் கூட்டின் மேல் அடித்து, நீண்ட கோலால் தட்டிவிடலாம். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள், குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கூடு உள்ளங்கையைவிடப் பெரியது, உயரத்தில் இருக்கிறது, கம்பிக்குள் இருக்கிறது, அல்லது உங்களுக்குக் கொட்டினால் ஒவ்வாமை உண்டு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். ஏணியில் ஏறிக் கூட்டைக் கலைப்பது யாருக்குமே ஆபத்து. தேனீயைப் போல இல்லாமல் குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

தேனீ: கொல்லாதீர்கள். மரக்கிளையில் அடை இல்லாமல் கொத்தாகத் தொங்கினால் அது இடம் தேடிப் போகும் கூட்டம், பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். அதுவரை திடலை மூடுங்கள். அடை கட்டிவிட்டால் தேனீ வளர்ப்பவரை அழைத்து இடம் மாற்றச் சொல்லுங்கள். உள்ளேயே மருந்தடித்துக் கொன்றால் கேட்பாரற்ற தேனும் மெழுகும் உருகி வழிந்து எறும்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கம்பளிப்பூச்சி: மரத்தை உலுக்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள். அரிப்புத் தரும் ரோமங்கள் காற்றில் பரவும். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள். நிறைய இருந்தால், புழு சிறிதாக இருக்கும்போதே பிடிகே என்ற பாக்டீரியா மருந்தை இலைமேல் தெளிக்கலாம். கொசுவுக்குச் சொன்ன பிடிஐயும் இதுவும் ஒரே இனத்தின் வேறு வேறு வகைகள், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது.

கரையான்: மரத்தூணில் மண்குழாய் ஓடினால் முதலில் ஒரு திருப்புளியால் அடிப்பகுதியைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தச் சாதனத்தை அன்றே மூடிவிடுங்கள், குழந்தை ஏறும்போது ஒடியலாம். மண்ணில் மருந்து ஊற்றுவதைவிடத் தூணை மாற்றி, மரம் மண்ணைத் தொடாதபடி உலோக அடித்தாங்கியில் நிறுத்துவதுதான் நல்லது என்பது என் கருத்து.

உண்ணி: எட்டுக்கால் பிராணி, சிலந்திக்குச் சொந்தம். பூச்சிக்கான எல்லா மருந்தும் இதற்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. லேபிளில் உண்ணி என்று எழுதியிருக்க வேண்டும்.

5. இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

நல்ல எண்ணத்தோடு பலர் செய்வதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

நாப்தலின் உருண்டையைச் செடியடியிலும் சறுக்கின் கீழும் போடுவார்கள். குழந்தைக்கு அது மிட்டாய் போலத் தெரியும். விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு இது மிக ஆபத்து.

எறும்புச் சாக்பீஸ் வேண்டாம். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. குழந்தைகள் எடுத்துப் படம் வரைவார்கள்.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் புற்றில் ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும், மண்ணும் கெட்டுப்போகும்.

வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கொஞ்சமாகக் கலந்து அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் லேபிளில் விளையாட்டு இடம் இருக்காது. கொண்டுவரும்போது குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவது இன்னும் கொடுமை. மருந்து எப்போதும் அதன் சொந்த டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

"இயற்கை மருந்துதான், பயமில்லை" என்பதையும் அப்படியே ஏற்க வேண்டாம். வேப்பெண்ணெய் உள்ளே போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரை போகலாம். போரிக் அமிலமும் விழுங்கினால் நஞ்சு. அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

6. ஆளை அழைப்பதானால் இந்தத் தாள்களைக் கேளுங்கள்

உரிமம்: பூச்சி ஒழிப்புத் தொழிலுக்குப் பல நாடுகளில் அரசு உரிமம் வேண்டும். செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். உரிமம் ஒருவர் பெயரிலும் வேலைக்கு வருபவர் வேறொருவராகவும் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. வருபவருக்குப் பயிற்சிச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

லேபிளின் நகல்: வேலைக்கு முன்பே வாங்குங்கள். பதிவு எண், எந்தப் பூச்சிக்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு நீரில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், இவ்வளவும் அதில் இருக்கும். நம் பூச்சியோ நம் வகை இடமோ அதில் இல்லை என்றால் அந்த மருந்து வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பூச்சிமருந்துகளை நச்சுத்தன்மைப்படி வகைப்படுத்தியிருக்கிறது. ஒன்று-ஏ, ஒன்று-பி என்ற இரண்டும் மிகக் கொடியவை, அவற்றைத் திடலின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பாதுகாப்புத் தரவுத்தாள்: மருந்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் தயாரிப்பாளர் எழுதித் தரும் தாள் இது. இதில் 16 பகுதிகள் இருக்கும். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் 4ஆம் பகுதியை மட்டுமாவது படியுங்கள். முதலுதவி அதில்தான் இருக்கிறது.

விலைப்பட்டியல்: மொத்தத் தொகையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பார்வையிடுதல், கூலி, மருந்து, மறுபடி வந்து பார்ப்பது என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். மூன்று பேரிடமாவது கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் பார்வையிடாமலே சொல்கிறார் என்றால் திடல் முழுக்க ஒரே மருந்தை அடிக்கத்தான் திட்டம். மாதாமாதம் தெளிக்கும் ஆண்டு ஒப்பந்தம் மலிவாகத் தோன்றும், ஆனால் பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து விழுந்துகொண்டே இருக்கும். மாதாமாதம் பார்வையிடுவதற்கு ஒப்பந்தம் போடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் தனியாகப் பணம் கொடுத்து மருந்து அடிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அதுதான் கையைக் கடிக்காமல் இருந்தது. கம்பி மூடி, வலை, துளைபோடும் கருவி ஆகியவை ஒருமுறைச் செலவுதான்.

ஒப்புதல்: பள்ளியோ சங்கமோ உள்ளாட்சியோ, இடம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே தேதி, மருந்தின் பெயர், திடல் மூடியிருக்கும் நேரம் எல்லாம் தெரிய வேண்டும். ஆஸ்துமாவோ கடும் ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளின் வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள்.

7. மருந்து அடிக்கும் நாள்

விடுமுறைக்கு முந்தைய மாலை நல்ல நேரம். கடைசிக் குழந்தை போன பிறகு, காற்று இல்லாமல், மழை எதிர்பார்ப்பு இல்லாமல் இருக்க வேண்டும். தேனீக்களும் அப்போது பூவில் இருக்காது. பொம்மை, வாளி, மணலில் கிடக்கும் எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட்டு, மணல் தொட்டியை அந்த நேரத்துக்கு மட்டும் தார்ப்பாயால் மூடுங்கள். மீன் தொட்டியோ குளமோ அருகில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு, அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது.

பக்கத்தில் நின்று பாருங்கள். ஊஞ்சல் பலகை, சங்கிலி, சறுக்கின் மேற்பரப்பு, ரப்பர்த் தரை ஆகியவற்றில் ஒரு சொட்டும் விழக் கூடாது. குறித்துக்கொடுத்த இடத்தில் மட்டும்தான்.

"காய்ந்துவிட்டால் போதும்" என்பார்கள். லேபிளில் எழுதிய நேரம்தான் கணக்கு. சின்னக் குழந்தைகள் வரும் இடமென்றால் குறைந்தது ஒரு முழு நாளாவது கூடுதலாக மூடிவையுங்கள் என்பேன். திறப்பதற்கு முன் கை படும் இடங்களையெல்லாம் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள்.

கிளம்புவதற்கு முன் வேலைச் சீட்டு வாங்குங்கள். தேதி, மருந்தின் பெயர், மூலப்பொருள், கலந்த அளவு, அடித்த இடம், அடித்தவர் பெயர் ஆறும் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே படத்தோடு மறுபடி ஒரு சுற்று வந்து பாருங்கள். குறையவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை அடிக்கச் சொல்லாதீர்கள், தண்ணீரோ தீனியோ எங்கோ மிச்சமிருக்கிறது.

8. கொட்டினாலோ மருந்து பட்டாலோ

இதை ஒரு தாளில் எழுதித் திடலில் ஒட்டிவையுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தால் சுரண்டியோ எப்படியோ, உடனே எடுத்துவிடுங்கள். எந்த முறை என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். கழுவிவிட்டுக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கம்பளிப்பூச்சி ரோமம் என்றால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை வைத்து எடுத்து எடுத்து வாருங்கள்.

மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. கடும் ஒவ்வாமைக்கென்று மருத்துவர் எபிநெஃப்ரின் ஊசி கொடுத்து வைத்திருக்கும் குழந்தை என்றால் அதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்து தோலில் பட்டால் உடையைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த லேபிளின் நகலையும் வேலைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.